இடப்பக்கம் விழும் தட்டுகள்: சில்க்போர்க் காட்டுக்குள் பதினெட்டுக் கூடைகள்

இந்த டிஸ்க் கோல்ஃப் திடலைப் பற்றி எழுதும்படி ஜெர்மனியிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். போய்வந்து மூன்று மாதமாகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. அன்று காட்டுக்குள் நடந்ததைச் சேர்த்து எழுதலாமா என்று நண்பர் யோகனிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு ஒரு நல்ல நேரம் வரவேண்டியும் இருந்தது. போன கிழமை கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை. ஆனா என்ர எறியைக் குறைச்சு எழுதிப் போடாதேங்கோ" என்றார்.

யோகனுக்கு ஐம்பத்தாறு வயது. டென்மார்க்கின் பிராண்டே ஊரில் காற்றாலை இறகுகள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. கடந்த ஜனவரியில் அவருக்குச் சிறியதொரு பக்கவாதம் வந்தது. கையும் காலும் பேச்சும் சில நாட்களிலேயே திரும்பிவிட்டன. பார்வையில்தான் அடி. இரண்டு கண்களிலும் இடப்பக்கம் தெரியவில்லை என்றும், அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள். கண் வைத்தியர் மறுபடி சோதித்துச் சரியென்று சொல்லும் வரை கார் ஓட்டக்கூடாது. அந்தச் சோதனை மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக்குக் குறிக்கப்பட்டிருந்தது.

பிராண்டேப் பக்கம் கார் ஓட்டக்கூடாது என்றால் என்ன என்பதை நகரத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். யோகனின் வீடு ஊரிலிருந்து ஏழு கிலோமீற்றர் வெளியே. அதிகாலை வேலைக்குப் போக பஸ் கிடையாது. ஜனவரியிலிருந்து அவருடைய மனைவி மாலினிதான் விடிவதற்கு முன் எழுந்து அவரைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, எதிர்த் திசையில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குத் தன் வேலைக்குப் போகிறார். பின்னேரம் அதே ஓட்டம் திரும்பவும். மாலினி அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாததுதான் யோகனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சோதனைக்கு ஒரு கிழமை முன்பு எனக்குத் தொலைபேசி எடுத்தார். பார்வை முழுக்கத் திரும்பிவிட்டது, தனக்குத் தெரிகிறது என்றார். ஆனாலும் திங்கட்கிழமைக்கு முன் தானே தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று, சில்க்போர்க் பக்கத்துக் காட்டுத் திடலுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பதினெட்டையும் முடிச்சனெண்டால் எனக்குப் பயமில்லை அண்ணை. அவ்வளவு மரத்துக்குள்ளாலை எறிஞ்சு எடுக்கிறவனுக்கு றோட்டு என்ன பெரிய விசயமே?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்ஃப் மாதிரித்தான், ஆனால் பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக உள்ளங்கையை விடக் கொஞ்சம் அகலமான ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதிலாக, ஒரு கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எறிதளத்தில் நின்று எறிவீர்கள். தட்டு விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி எறிவீர்கள். கூடைக்குள் விழும் வரை எண்ணுவீர்கள். திறந்த வெளித் திடல்கள் டென்மார்க் முழுக்க இருக்கின்றன, பிள்ளைகளோடு போகலாம். காட்டுத் திடல் வேறு. எறிதளத்துக்கும் கூடைக்கும் நடுவில் மரங்கள் நிற்கும். போகும் வழி ஒரு கதவு அகலம்தான் இருக்கும்.

இன்னொரு விசயமும் தெரிந்திருக்க வேண்டும், பின்னால் இது தேவைப்படும். வலது கைக்காரர் வழக்கமாகக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து எறிவார். அப்படி எறிந்த தட்டு நேராகப் பறந்து, வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்ந்து விழும். எவ்வளவு திறமையானவர் எறிந்தாலும் அப்படித்தான்.

யோகனை இதில் சேர்த்தது தொழிற்சாலையின் விளையாட்டுக் கழகம். எட்டு வருடத்துக்கு முன், யாரோ ஒருவர் வராததால் ஆள் எண்ணிக்கைக்காகப் போனவர், பிறகு மற்றவர்கள் வராவிட்டாலும் போனார். வீட்டில் அப்போது மாலினி கேட்ட கேள்வி எங்கள் ஆட்களிடையே இன்னும் உலவுகிறது: "சாப்பாட்டுக் கோப்பை எறியிறதுக்கு ஏனப்பா காட்டுக்குப் போறியள்? குசினியிலை நிறையக் கிடக்கு."

நான் இருப்பது கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொயில். சனிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு எஸ்-ரயில் பிடித்து, கொப்பன்ஹேகன் மத்திய நிலையத்தில் மாறி, வைலேயில் மறுபடி மாறி, பத்து மணிக்குச் சற்று முன் பிராண்டேயில் இறங்கினேன். வைலேயிலிருந்து பிராண்டே வரும் சிறிய ரயில் முக்கால் மணி நேரம் எடுக்கும். சன்னலோரம் இருங்கள், மே மாதத்தில் கடுகுப் பூ வயல்கள் மஞ்சளாகக் கிடக்கும். முன்கூட்டியே எடுத்தால் ஒரு வழிச் சீட்டு இருநூறு குரோனருக்குள் கிடைக்கும். கடைசி நாள் எடுத்தால் இரண்டு மடங்கு.

நிலையத்துக்கு மாலினி வந்திருந்தார். வீடு வரை அவர்தான் ஓட்டினார். வீட்டு வாசலில் யோகன் தட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். பின் இருக்கையில் மாலினி பொரித்த ரோல்ஸ் பெட்டியும் தேநீர்ப் போத்தலும் ஏறின. யோகன் பையைப் பின்னால் வைக்கப் போன நேரத்தில் மாலினி கார்த் திறப்பை என் கையில் தந்தார்.

"அண்ணை, அவர் கேட்பார். குடுத்திடாதேங்கோ."

நான் தலையாட்டினேன். யோகன் வந்து இருக்கையில் ஏறியவுடனேயே பேச்சைத் தொடங்கியது, மாலினி சொன்னது அவர் காதில் விழுந்திருக்குமோ என்று நினைக்க வைத்தது. எல்லாம் நல்லபடி முடிந்தால் காட்டுக்குள் இருக்கும் சரளைப் பாதையில் மட்டும், பிரதான வீதி வரை, தான் ஓட்டிப் பார்க்கலாமா என்றார். ஆளில்லாப் பாதை, ஒன்றரைக் கிலோமீற்றர். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் விளையாடுவோம் என்றேன். பத்திரிகையில் நீண்ட காலம் வேலை செய்தவனுக்கு இப்படி நழுவுகிற பதில்களை மற்றவர்கள் வாயில் உடனே அடையாளம் தெரியும். என் வாயில் வந்தபோதும் தெரிந்தது.

பிராண்டேயிலிருந்து திடல் முப்பத்தெட்டு கிலோமீற்றர், நாற்பது நிமிட ஓட்டம். உள்ளூர்க்காரர்கள் அதை 'காட்டுத் திடல்' என்றுதான் சொல்கிறார்கள். பிரதான வீதியிலிருந்து திரும்பும் இடத்தில் கூடை வரைந்த ஒரு சிறிய பலகை உண்டு. எதிரே ஒரு பால்பண்ணை. அதைத் தவறவிட்டால் திரும்புவதற்கு நாலு கிலோமீற்றர் போக வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் பத்துக் கார்கள் நிற்கலாம். கட்டணம் எதுவுமில்லை. கழிப்பறை ஒன்று உண்டு, மண் குழிதான். தாள் கொண்டு போங்கள். தண்ணீர் கிடையாது.

முதல் எறிதளத்தில் பதினெட்டுக் கூடைகளின் வரைபடம் ஒரு பலகையில் இருக்கிறது. மிகக் குறுகியது அறுபது மீற்றர், மிக நீண்டது நூற்று நாற்பத்தைந்து. எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு மீற்றரைத் திறந்த வெளியில் எறிவது வேறு, ஒரு கை நீள இடைவெளி விட்டு நிற்கும் ஊசியிலை மரங்களுக்குள் எறிவது வேறு. முதல் ஐந்து கூடைகள் அந்த ஊசியிலைக் காட்டுக்குள்தான். நடுப் பகலிலும் அங்கே மங்கல். நிலம் முழுக்கப் பழுப்பு ஊசிகள், அதன் மேல் பாசி. ஆறாவதிலிருந்து பீச் மரங்கள், சாம்பல் பட்டையுள்ள காட்டு மரங்கள். நாங்கள் போனபோது பீச் இலை விட்டு ஒரு கிழமைதான் இருக்கும். இலைகளுக்குள்ளால் வெயில் வந்து கீழே எல்லாம் இளம்பச்சையாக இருந்தது. இந்த நாட்டுக்காரர் அந்த ஒரு கிழமைக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

நான் எறிவதில்லை. தோள்மூட்டு விடாது. இப்படியான திடல்களில் எறியாதவருக்கும் ஒரு வேலை உண்டு. எறிகிறவருக்கு முன்னால் போய், மரத்துக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று, தட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக் கை காட்ட வேண்டும். ஆட்டம் பெரிதானால் இதற்கென்றே ஆள் வைப்பார்கள். பார்த்ததை மட்டும் காட்ட வேண்டும், ஊகித்துக் காட்டக்கூடாது. எனக்கு ஏற்ற வேலைதான்.

முதல் ஆறு கூடைகளும் நன்றாகவே போயின. இரண்டாவதில் யோகன் இரண்டே எறியில் முடித்தார். தட்டு சங்கிலியில் மோதுகிற சத்தம் காட்டுக்குள் வெகுதூரம் கேட்டது. நாலாவதில் தட்டு ஒரு மரத்தில் அடித்துத் திரும்பி அவருக்கே பின்னால் போய் விழுந்தது. "பாருங்கோ, போக மனமில்லாமல் திரும்பி வந்திட்டுது" என்றார். ஐந்து மாதத்துக்குப் பிறகு எறிகிறவர் மாதிரித் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கையைத் தூக்குவேன், அவர் என் கையைப் பார்த்து நேராக நடந்து வருவார், தட்டை எடுப்பார். ஆறாவது முடிந்தபோது எனக்குள் இருந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது. திறப்பு என் சட்டைப் பையில் கிடந்தது. ஒன்றரைக் கிலோமீற்றர் என்ன பெரிய தூரம் என்று எண்ணத் தொடங்கினேன்.

ஏழாவது எறிதளத்தில் நான் வழமை போல முன்னே நடக்கத் தொடங்கினேன். யோகன் நிறுத்தினார்.

"அண்ணை, இனி முன்னுக்குப் போகாதேங்கோ. என்னோடையே நில்லுங்கோ. றோட்டிலை ஆர் எனக்கு முன்னாலை நிண்டு கை காட்டப் போறாங்கள்?"

விழுந்த இடத்தை நான் கண்டாலும் வாய் திறக்கக்கூடாது என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

ஏழாவதில் தட்டு ஒரு பீச் மரத்தில் பட்டு வலப்பக்கம் தெறித்தது. நேரே போய் எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எட்டாவது தொண்ணூறு மீற்றர், கொஞ்சம் சரிவில் இறங்கும். செம்மஞ்சள் தட்டை எடுத்து எறிந்தார். நல்ல எறி. மரங்களுக்குள்ளால் நேராகப் போய், கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து, நடைபாதையின் ஓரத்துப் பாசியில் தட்டையாக இறங்கியது. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே எனக்கு அதன் நிறம் தெரிந்தது. யோகன் அந்தப் பக்கம்தான் நடந்தார். பிறகு மெல்ல மெல்ல வலப்பக்கம் விலகினார். தட்டு அவருடைய இடது காலிலிருந்து இரண்டு மீற்றரில் கிடந்தது. அதைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார், மறுபடி தாண்டினார். தலையை இடப்பக்கம் திருப்பத்தான் செய்தார். ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் முழுவதையும் பார்த்து முடித்தவர் போல வலப்பக்கம் தேடினார். பத்து நிமிடத்துக்குப் பிறகு, முள்ளிலைப் புதருக்குள் போயிருக்கும் என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. அப்படித்தான் பேச்சு. தட்டை நான் எடுத்திருக்கலாம். எடுத்தால் அவரிடம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் சொன்னதாகிவிடும். திரும்பும்போது வந்து எடுக்கலாம் என்று இடத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாவதில் கூடைக்குக் கிட்டவே விழுந்தது, பிரச்சினை இல்லை. பத்தாவதில் நீலத் தட்டு. அதுவும் கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து, வெட்டிய ஒரு அடிமரத்தில் சாத்தி வைத்தது போல நின்றது. யோகன் அதைக் கடந்து போய் முப்பது மீற்றருக்கு அப்பால் தேடிக்கொண்டிருந்தார். "உங்காலை ஒரு பள்ளம் கிடக்கு, அதுக்குள்ளை இறங்கியிருக்கும்" என்று எனக்குக் கேட்கச் சொன்னார். அங்கே பள்ளம் இல்லை.

பதினோராவது எறிதளத்துக்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள். இருந்து தேநீர் குடித்தோம். மாலினியின் ரோல்ஸில் உறைப்பு நன்றாக இருந்தது, ஆனால் இரண்டு பேருமே ஒன்றுக்கு மேல் எடுக்கவில்லை. யோகன் தொலைந்த தட்டுகளைப் பற்றியே கதைத்தார். காடென்றால் தட்டு தொலையும்தான், ஒரு ஆட்டத்தில் மூன்று தொலைத்த நாளும் உண்டு என்றார். நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் வந்தார். எழுபது வயதிருக்கும், தனியாக விளையாடிக்கொண்டு வந்தார். தனி ஆள் வேகமாக வருவார். அவருக்கு வழி விட்டு முதலில் எறியச் சொல்வது இங்கே மரியாதை. யோகன் எழுந்து வழி விட்டார். அந்தப் பெண் தன் பையிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து, அடிப்பக்கத்தைப் பார்த்து, உங்களில் யோகன் யார் என்று டேனிஷில் கேட்டார். எல்லோரும் தட்டின் அடியில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைப்பார்கள். ஒன்று செம்மஞ்சள், மற்றது நீலம்.

யோகன் நன்றி சொல்லி வாங்கினார். எங்கே கிடந்தன என்று கேட்டார். அவர் சாதாரணமாகச் சொன்னார். செம்மஞ்சள் தட்டு நடைபாதை ஓரத்தில் பாசி மேல் கிடந்ததாம், மிதித்துவிடப் பார்த்தாராம். நீலத் தட்டு அடிமரத்தில் சாய்ந்து நின்றதாம். யாரோ கண்ணில் படட்டும் என்றே எடுப்பாக வைத்தது போல இருந்ததாம். சொல்லிச் சிரித்துவிட்டு, எறிந்து, வணக்கம் சொல்லிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டார். எனக்குத் தெரிந்து அன்று அவருக்கு அது ஒரு சிறிய உதவி, அவ்வளவுதான்.

யோகன் இரண்டு தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். நீலத் தட்டைப் புரட்டிப் பார்த்தபடி கேட்டார்.

"நீங்கள் கண்டனியளே?"

"ஓம். ரண்டையும் கண்டனான்."

"எந்தப் பக்கம்?"

"ரண்டும் இடப்பக்கம்."

அவர் என்னைக் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. செம்மஞ்சள் தட்டை என்னிடம் தந்தார். தான் வாங்கில் இருந்தபடி நேரே கூடையை மட்டும் பார்ப்பதாகவும், நான் தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னாலிருந்து சுற்றி முன்னால் வரவேண்டும் என்றும் சொன்னார். முதலில் வலப்பக்கம். தோளுக்கு நேரே வந்து சில அடி வைத்ததுமே "கண்டிட்டன்" என்றார். பிறகு இடப்பக்கம். அவருடைய தோளைத் தாண்டினேன். நடந்தேன். வாங்கையும் கூடையையும் இணைக்கும் கோட்டுக்கு நான் மூன்று நாலு அடி தூரத்துக்கு வந்துவிட்டேன். யோகன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலடிச் சத்தம் கேக்குது அண்ணை," என்றார். "ஆளைக் காணேல்லை."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் தலையைத் திருப்பி என்னைக் கண்டபோது, நான் இவ்வளவு முன்னுக்கு வந்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முதல் ஆறு கூடைகளிலும் நான் கை காட்டி மறைத்து வைத்தது இதைத்தான். வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். பழகிய வீட்டில் கதிரை எங்கே, கதவு எங்கே என்று கண் சொல்லத் தேவையில்லை.

திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். இன்னும் எட்டுக் கூடை இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை, அவர் கேட்டுக்கொண்டபடி, குறைக்காமல் எழுதுகிறேன். பதினோராவதிலிருந்து யோகன் எறிகிற விதத்தை மாற்றினார். நெஞ்சுக்குக் குறுக்கே இழுக்காமல், கல்லைத் தண்ணீரில் தத்தவிடுவது போலப் பக்கவாட்டில் விசிறி எறிந்தார். அப்படி எறிந்தால் தட்டு கடைசியில் வலப்பக்கம் சாயும். எட்டு வருடத்தில் அவர் அதைப் பெரிதாகப் பழகவில்லை. முதல் மூன்று கூடைகளில் மரங்களில் அடித்தது, ஒரு முறை எறிதளத்துக்கு முன்னாலேயே விழுந்தது. ஆனால் எல்லாம் வலப்பக்கம். எல்லாவற்றையும் அவரே கண்டெடுத்தார். பதினாறாவதில் அறுபத்தைந்து மீற்றர் விசிறலில் கூடைக்கு இரண்டு மீற்றர் தள்ளி இறக்கினார்.

பதினெட்டாவதுதான் இந்தத் திடலின் பெயரைக் காப்பாற்றுவது. நூற்றுப் பதினைந்து மீற்றர், இரண்டு பக்கமும் சுவர் போல ஊசியிலை மரங்கள், கடைசியில் வெளிச்சமும் வாகனத் தரிப்பிடமும். நாலு எறியில் முடித்தார். நன்றாக விளையாடும் நாளில் மூன்று. சங்கிலியிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூடையைப் பிடித்தபடி நின்றார்.

"தட்டை வலப்பக்கம் விழுத்தலாம். பழகினால் இன்னும் நல்லா விழுத்தலாம்," என்றார். "றோட்டிலை வாறவனுக்கு எந்தப் பக்கத்தாலை வா எண்டு நான் சொல்லேலாது."

காருக்கு அவர் முன்னே நடந்தார். நான் பின்னால் போனேன். சட்டைப் பையில் கை வைத்துத் திறப்பைத் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது. யோகன் வலப்பக்கக் கதவருகே போய் நின்று, பூட்டைத் திறக்கும்படி தலையால் காட்டினார். சாரதி அமர்வது இடப்பக்கம். சரளைப் பாதையின் ஒன்றரைக் கிலோமீற்றரிலும் ஒரு வாகனமும் எதிர்ப்படவில்லை.

வீட்டில் மாலினி கதவைத் திறந்து, முதலில் என் கையைத்தான் பார்த்தார். திறப்பைக் கொழுக்கியில் மாட்டினேன். யோகன் சப்பாத்தைக் கழற்றியபடி, திங்கட்கிழமை அவரையும் வரச் சொன்னார்.

"நீரும் வாரும். டொக்டர் சொல்லேக்கை பக்கத்திலை இரும்."

மாலினி லீவு எடுப்பதாகச் சொன்னார். பிறகு ரோல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, இவ்வளவு மிச்சம் ஏன் என்று இரண்டு பேரையும் ஏசினார்.

இனிப் போகிறவர்களுக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய நல்ல காலம்; ஜூனில் பெரணிச் செடி இடுப்பளவு வளர்ந்து தட்டுகளை விழுங்கிவிடும். கோடையில் போவதானால் மேலதிகமாக இரண்டு தட்டுகள் கொண்டு போங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று தட்டுகள் போதும், ஒன்று நூற்றிருபது குரோனர் வரும். பச்சை, பழுப்பு, சிவப்பு வேண்டாம், காய்ந்த இலைக்குள் தெரியாது; இளஞ்சிவப்பு அல்லது வெளிர் நீலம் வாங்குங்கள். அடியில் பெயரும் எண்ணும் எழுத மறக்காதீர்கள். இங்கே திருப்பித் தருவார்கள். நீளக் காற்சட்டை போட்டு, அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் உண்ணி இருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்திலும் பாருங்கள். என்னிடம் ஒன்று இருந்தது. நடைபாதையில் ஆட்கள் வந்தால் எறியாமல் நில்லுங்கள், வழி அவர்களுடையது. இரண்டு பேர் விளையாட இரண்டரை மணி நேரம் கணக்கு. நாங்கள் நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்தோம். சில்க்போர்க்கிலிருந்து பஸ்ஸில் போக முடியாது, வார இறுதியில் அந்த வீதியால் பஸ்ஸே இல்லை. ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

முன்னால் நின்று கை காட்டும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உங்களோடு வருபவர் நோயிலிருந்து எழுந்து வந்தவர் என்றால், சில கூடைகளுக்காவது அவருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். யோகன் என்னைத் தடுத்திராவிட்டால் நான் பதினெட்டுக்கும் முன்னால்தான் நின்றிருப்பேன். சரளைப் பாதையின் தொடக்கத்தில் திறப்பையும் கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் யோகன் தொலைபேசி எடுத்தார். பின்னணியில் கார் ஓடும் சத்தம் கேட்டது, மாலினி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"டொக்டர் புதுசா ஒண்டும் சொல்லேல்லை அண்ணை," என்றார்.

இப்போது பிராண்டே ஊருக்குள், தொழிற்சாலைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று கிட்டத்தட்டச் சரிவந்திருக்கிறது. போன கிழமை இதை எழுதக் கேட்டபோது அதையும் சொன்னார். பேச்சை முடிக்கும்போது, இலை கொட்ட முதல் ஒருக்கா வரச் சொன்னார். விசிறி எறிவது இப்போது நன்றாக வருகிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம்.

"முன்னுக்கெல்லாம் நிக்க வேண்டாம். எனக்கு இடப்பக்கத்தாலை நடந்து வாங்கோ, அது போதும்."